கேமராவை நானே துடைத்தேன்

கேமராவுக்குள் தூசி விழுந்தால் வாயால் ஊதக் கூடாது. இதைக் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், கேட்காமல் சும்மா போய்க்கொண்டிருந்தவர்களை நிறுத்தியும் சொல்லியிருக்கிறேன். வாயால் ஊதினால் காற்று மட்டும் போகாது, கூடவே எச்சிலும் போகும். கண்ணுக்குத் தெரியாத துளிதான். ஆனால் உள்ளே படம் விழுகிற சென்சார் மேல் உட்கார்ந்து காய்ந்துவிட்டால் அதன் பெயர் தூசி இல்லை, பசை.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டேன். உனக்கு எங்கே ஆரம்பித்ததாகத் தோன்றுகிறதோ அங்கிருந்து என்றீர்கள். எச்சிலில் ஆரம்பித்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன். எனக்குச் சுத்தம் முக்கியம்.

நான் ஒரு தோல் சிகிச்சை மையத்தில் போட்டோ எடுப்பவன். போட்டோக்காரன் என்றதும் ஜனங்கள் சிரித்த முகத்தை நினைப்பார்கள். என்னிடம் வருகிறவர்கள் முதுகைத்தான் காட்டுவார்கள். உடம்பு முழுக்க மச்சம் உள்ளவர்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, சாம்பல் நிறச் சுவரைப் பார்த்தபடி நிற்பார்கள். தரையில் மஞ்சள் நிறத்தில் இரண்டு பாதங்கள் ஒட்டியிருக்கும். அதன் மேல்தான் கால் வைக்க வேண்டும். கேமரா நிற்கும் முக்காலி தரையோடு திருகப்பட்டது. யாருக்குக் கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அவரவர் அட்டையில் குறித்து வைத்திருப்பேன். நான்கு மாதம் கழித்து வரும்போதும் அதே முதுகு, அதே சட்டத்துக்குள், அதே இடத்தில் விழும். ஒரு விரல் தள்ளி நின்றாலும் விடமாட்டேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. படத்தைப் பார்க்கிற பெரிய டாக்டர் வேறு ஊரில் இருக்கிறார். எங்கள் மையத்துக்கு அவர் வந்ததே இல்லை. போன தடவை எடுத்த படத்தையும் இந்தத் தடவை எடுத்ததையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். புதிதாக ஒரு புள்ளி இருந்தால், பழைய புள்ளி வளர்ந்திருந்தால், புற்றுநோயோ என்று ஆளை உடனே வரச் சொல்வார். இல்லையென்றால் இரண்டே வார்த்தை எழுதி அனுப்புவார். மாற்றம் இல்லை.

எனக்குத் தோல் என்றாலே குமட்டும். தோல் சிகிச்சை மையத்தில் சம்பளம் வாங்குகிறவன் இதைச் சொல்வது, மீன் விற்கிறவன் கவிச்சி ஆகாது என்று மூக்கைப் பிடித்துக்கொள்வதுபோல்தான். ஆனால் நீங்கள் அதைப் பெரிதாக்கிப் பார்த்ததில்லை. ஒரு முதுகைத் திரை முழுக்க விரித்துவைத்தால் அது மனிதனாகவே தெரியாது. எண்ணெய் வடியும் குழிகள், குழிக்கு ஒரு முடி, மஞ்சள் முனை வைத்த பருக்கள், உள்ளாடைப் பட்டி அழுத்திய சிவப்புத் தடம், உரிந்து பாதியில் தொங்கும் செதில். இதைப் பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் உள்ளே இருப்பதும் எதையோ நினைவுபடுத்தும். அறையில் சேரும் தூசியில் பாதி மனிதர்கள் உதிர்த்த தோல்தான் என்று யாரோ ஒரு நாள் சொன்னார்கள். சரியா தவறா தெரியாது. கேட்ட நாளிலிருந்து துடைத்துக்கொண்டே இருக்கிறேன். மாலையில் துணியை உதறும்போது, அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக அதிலிருந்து விழுவதாகத் தோன்றும்.

அந்தத் தூசி கேமராவுக்குள்ளும் போனது. முதுகு தட்டையான சுவர் இல்லை, வளைந்தது. முழுவதும் தெளிவாக விழ வேண்டுமென்றால் லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்க வேண்டும். துவாரம் சிறிதானால் சென்சார் மேல் இருக்கிற தூசியெல்லாம் படத்தில் கரும்புள்ளியாக விழும். கரும்புள்ளியைத் தேடுகிற இடத்தில் கரும்புள்ளி வைக்கிற கேமரா. எனக்கே சிரிப்பு வந்தது.

விதிப்படி கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். மூன்று வாரம் ஆகும். அதுவரை முதுகுகள் எல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாள் கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அனுப்பவே தேவையில்லை, நானே சுத்தம் செய்கிறேன் என்றேன். மேலாளர் சரி என்று தலையாட்டினார். ரப்பர் பந்துபோல் ஒரு கருவி உண்டு. அதை அமுக்கினால் காற்று மட்டும் வரும். அதை வைத்து நாலைந்து தடவை அழகாகச் சுத்தம் செய்தேன். நர்ஸ் அக்கா எனக்குக் கேமரா டாக்டர் என்று பெயர் வைத்தார். மேலாளர் அதை அறிவிப்புப் பலகையிலேயே எழுதிவிட்டார். எங்கள் பரம்பரையில் டாக்டர் என்று ஒருவரும் கிடையாது. அம்மா அந்தப் பலகையைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். பெரியம்மா என்னை டாக்டர் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள். கிண்டல்தான். ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ரப்பர் பந்தை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். படத்தின் வலது மேல் மூலையில் ஒரே ஒரு தூசி. அந்த மூலையில் வெறும் சுவர்தான் வரும். யார் முதுகிலும் படாது. விட்டிருக்கலாம். என்னால் விட முடியவில்லை. லென்ஸைக் கழற்றினேன். அறையில் யாரும் இல்லை. ஊதினேன்.

சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூசி போய்விட்டது. அந்த இடத்தில் வட்டமாக, ஓரம் தடித்து, தட்டில் காய்ந்த குழம்புத் துளிபோல் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஊரார் தோலைப் பார்த்து முகம் சுளிக்கிறவன், என் வாயிலிருந்து வந்ததை முதல் முறையாக அவ்வளவு பெரிதாகப் பார்த்தேன். அன்று மத்தியானமும் சாப்பிடவில்லை.

சென்சாரைத் துணி சுற்றிய ஈரக் குச்சியால் துடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு பக்கத்தால் ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் ஒரே இழுப்பு, குச்சியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். நான் ஒரே குச்சியால் ஐந்தாறு முறை தேய்த்தேன். இன்னொன்றும் உண்டு. படம் சென்சார் மேல் தலைகீழாக விழும். படத்தில் மேலே தெரிகிற அழுக்கு சென்சாரில் கீழே இருக்கும். கேமரா பிடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம். கேமரா டாக்டருக்கு அவசரத்தில் மறந்துவிட்டது. மேலே தேய்த்தேன். போகவில்லை. எப்படிப் போகும், அங்கே அழுக்கே இல்லை. பல் குத்தும் குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி அழுத்தினேன். கீச் என்றது. மிகச் சின்ன சத்தம்.

பிறகு புத்தி வந்து கீழே துடைத்தேன். எச்சில் ஒரே இழுப்பில் போய்விட்டது. மேலே, சென்சாரை மூடியிருக்கும் கண்ணாடியில், கீறல் நின்றுவிட்டது. அது படத்தில் வலது பக்கம் கீழே விழுந்தது. முதுகில் சொன்னால், வலது இடுப்புக்கு நான்கு விரல் மேலே. ஓரம் மங்கிய ஒரு கரும்புள்ளி, எல்லார் முதுகிலும், ஒரே இடத்தில்.

சொல்லியிருக்கலாம் என்பீர்கள். பலகையில் என் பெயர் இருந்தது, மேடம்.

கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்துகிற மென்பொருள் இருக்கிறது. ஒரு புள்ளியை அழித்து, பக்கத்துத் தோலை எடுத்து அங்கே ஒட்டிவிடும். அதை ஒரு தடவை செய்து காட்டிப் பதிவு செய்துவிட்டால், பிறகு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அன்றைய படங்கள் அத்தனையிலும் தானாகச் செய்துவிடும். அந்தப் பதிவுக்கு ஒரு பெயர் கேட்டது. துடைப்பம் என்று வைத்தேன். தினமும் மாலை ஐந்து மணிக்குத் துடைப்பத்தை ஓட்டுவேன். பிறகு படங்கள் பெரிய டாக்டருக்குப் போகும். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

இனி தபாலக்காவைப் பற்றி.

ஐம்பது வயதைத் தாண்டியவர். இருபத்தைந்து வருஷமாக வெயிலில் நடந்து தபால் கொடுத்தவர். மற்றவர்கள் என் அறைக்குள் வந்தால் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொள்வார்கள். இவர் மட்டும் முதலில் என் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவார். முதல் தடவை வந்தபோதே, தபாலாபீஸில் புது முத்திரை வந்தால் என் முதுகில்தான் குத்திப் பார்ப்பார்கள் என்றார். நானும் நர்ஸ் அக்காவும் சிரித்து, படம் ஆடிப்போய் இன்னொன்று எடுக்க வேண்டியதாயிற்று. கேமரா அப்போது நன்றாக இருந்தது. அந்தப் படத்தில் வலது இடுப்புக்கு மேல் ஒன்றும் இல்லை.

இரண்டாம் தடவை அவர் வந்தபோது கீறல் விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்று துடைப்பத்தை ஓட்டினேன். அவர் முதுகில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அடித்தல் திருத்தல் வேண்டாம் என்று நினைத்தேன். முடியவில்லை. மேலே கடைசி வரியில் தெரியாது என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தெரியும். துடைப்பத்தை ஓட்டுவதற்கு முன் அவருடைய படத்தை மட்டும் திறந்து பார்த்தேன். சிரித்துப் பேசுகிறவர் என்பதால் அவர் முதுகு கொஞ்சம் குறைவாகக் குமட்டும். கீறல் புள்ளி அன்று பெரிதாக இருந்தது. ஒரு பக்கம் பழுப்பாக, ஓரம் கலைந்து. சென்சாரில் திரும்ப அழுக்கு சேர்ந்துவிட்டது என்று நினைத்து, மறுபடி துடைத்து, சுவரைப் படம் எடுத்தேன். கீறல் அதே அளவில்தான் இருந்தது. அப்படியானால் மிச்சம் அவருடையது.

நர்ஸ் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரலையா டாக்டர் என்று கேட்டார். இதோ என்றேன். சொல்வதென்றால் துடைக்காத படத்தை அனுப்ப வேண்டும். அனுப்பினால் மச்சத்தின் மேல் இன்னொரு புள்ளி என்ன என்று பெரிய டாக்டர் கேட்பார். பொத்தானை அமுக்கினேன். மறுநாள் பதில் வந்தது. மாற்றம் இல்லை. அதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. அவ்வளவு படித்தவரே சொல்லிவிட்டார், நான் யார் மறுக்க.

மூன்றாம் தடவை வரும்போது அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“தம்பி, எங்க வீட்டுக்காரர் ஒரு வாரமா ஒரே புலம்பல். முதுகுல கறுப்பா என்னவோ இருக்காம். எனக்கு எங்க தெரியுது? நீ பார்த்துச் சொல்லிடு. உன் போட்டோ சொன்னா நம்புவேன்.”

வீட்டுக்காரர் தையல்காரர். நாற்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவர். நான் அவரை அதுவரை பார்த்ததில்லை.

அக்கா திரும்பி நின்றார். அது அங்கே இருந்தது. கேமராவே தேவையில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நசுங்கிய உலர்திராட்சை ஒன்று தோலுக்குள் பாதி புதைந்ததுபோல். நடுவில் நீலம் கலந்த கறுப்பு. ஓரத்தில் ஈரம். தபால் பை உரசி உரசி மேல்தோல் பொருக்காகக் கிளம்பியிருந்தது. வாயால் மூச்சு விட்டேன். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன் என்று எழுத ஆசைதான். குமட்டல்தான் வந்தது. அது அங்கே இருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. நர்ஸ் அக்கா பின்பக்கம் திரும்பி, அடுத்தவருடைய அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

தபாலக்கா குளிரில் லேசாக ஆடினார். வலது கால் மஞ்சள் பாதத்தை விட்டு இரண்டு விரல் விலகிவிட்டது. கேமராவின் பின்திரையில் பார்த்தேன். மச்சம் கீறலை விட்டு வெளியே வந்து தனியாக நின்றது. அப்படியே எடுத்திருந்தால் துடைப்பம் வெறும் தோலைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும். மச்சம் பெரிய டாக்டரிடம் போயிருக்கும். ஆனால் நான்கு மாதத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் இவ்வளவு பெரிதாக எப்படி வந்தது என்று அவர் கேட்பார். போன தடவையின் மூலப் படத்தை அனுப்பு என்பார்.

“அக்கா, காலை சரியா வைங்க. ஸ்டிக்கர் மேல.”

“இதோ வெச்சுட்டேன் தம்பி. நீ ஒரு கண்டிப்புக்காரன்.”

எடுத்தேன். சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், காட்டுகிறேன் என்றேன். துடைப்பத்தை ஓட்டினால் ஓரம் வெளியே எட்டிப் பார்த்தது. அதன் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. கையால் செய்தேன். பக்கத்திலிருந்து நல்ல தோலாக ஒரு துண்டு எடுத்து, மேலே வைத்து, ஓரத்தைத் தேய்த்துக் கலந்தேன். குழிகள், முடி, வெளிச்சம் எல்லாம் பொருந்தின. நான்கு நிமிடம். சொல்லக் கூசுகிறது, முடித்தபோது மனசுக்குள் ஒரு சந்தோஷம். அந்த முதுகில் அந்த இடம் மட்டும்தான் சுத்தமாக இருந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் முதுகைத் திரையில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லையே தம்பி.”

“இல்லைக்கா.”

“இந்த மனுஷனுக்கு ஊசியில நூல் கோக்கவே நான் வேணும். இவர் என் முதுகுல மச்சம் கண்டுபிடிச்சாராம். முதல்ல இவருக்குக் கண்ணாடியை மாத்தணும்.”

நல்ல கண்ணாடிக் கடை ஒன்று தெரியும் என்று சொல்லி, ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தேன். போகும் வழியும் வரைந்தேன். எனக்கு இளகிய மனசு, மேடம். யாரும் கலங்கிப்போய் வெளியே போவதைப் பார்க்க மாட்டேன். அவர் பழையபடி சிரித்துக்கொண்டு போனார். கதவருகில் நின்று, உன்னைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்றார்.

நான்காம் தடவை அவர் வரவில்லை. சீருடையில் ரத்தக் கறை இருந்ததாகவும், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், புற்றுநோய் ஈரல் வரைக்கும் போய்விட்டதாகவும் நர்ஸ் அக்கா சொன்னார். நானும் போய்ப் பார்த்தேன். கட்டிலில் பாதி ஆளாக இருந்தார். கை மேல் தோல் தாள்போல் வற்றிச் செதில் செதிலாக உதிர்ந்து, விரிப்பில் பொடியாகக் கிடந்தது. அதன் மேல் உட்காரச் சொன்னார். நின்றுகொண்டேன்.

“உன் போட்டோல இல்ல பாரு. அதனால அதுக்கப்புறம்தான் வந்திருக்கணும். டாக்டர்ங்க நம்ப மாட்டேங்கறாங்க. அந்தத் தம்பி எடுத்தா தப்பே இருக்காதுன்னு நான்தான் சண்டை போட்டேன்.”

தலையணையைச் சரிசெய்து கொடுத்தேன். வெளியே வந்து மூன்று முறை கை கழுவினேன். பதினோராம் நாள் அவர் இறந்துபோனார்.

ஒரு மாதம் கழித்து தையல்காரர் மையத்துக்கு வந்தார். சின்ன உருவம், கழுத்தில் அளவு நாடா. கழற்ற மறந்திருப்பார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்த கடையில் வாங்கியதுதான். அந்தக் கடைக்காரர் கண்ணைச் சோதித்துவிட்டு, தூரத்தில் இருப்பது நன்றாகவே தெரிகிறது, கிட்டப் பார்க்க மட்டும் கொஞ்சம் பவர் போதும் என்றாராம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொன்னார். பிறகு, அக்காவின் போட்டோ ஏதாவது இருந்தால் வேண்டும் என்றார். வீட்டில் இருப்பதெல்லாம் பழசாம். முதுகுதான் இருக்கிறது என்றேன். அதுவும் அவள்தானே என்றார்.

நர்ஸ் அக்கா மூன்று படங்களையும் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். என்னிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தையல்காரர் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, படங்களை மடியில் விரித்து, துணியைத் தடவுவதுபோல் உள்ளங்கையால் தடவினார். மூன்றாவது படத்தில் கை நின்றது. பெருவிரலால் ஒரு இடத்தைத் தேய்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, இங்க மூணு சின்னப் புள்ளி இருக்கு. ஒண்ணு மேல, ரெண்டு கீழ. இதே மூணு புள்ளி, அச்சு அசலா, இந்தப் பக்கமும் இருக்கு.”

இருக்கலாம் என்றேன்.

“இருக்காது. உடம்புல டிசைன் ரெண்டு தடவை வராது. துணியில ஒட்டுப் போட்டாத்தான் வரும்.” குரலை உயர்த்தவில்லை. “இது ஒட்டு. இது கீழ என்ன இருந்துச்சு?”

அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன். அவர் உங்களிடம் வந்தார்.

பதில் இதுதான். கீழே மச்சம் இருந்தது. இரண்டாம் தடவையே பார்த்தேன், மூன்றாம் தடவை கண்ணுக்கு நேராகப் பார்த்தேன், காலை நகர்த்தச் சொல்லி அதைக் கீறலுக்கு அடியில் நான்தான் கொண்டுவந்தேன், நான்தான் மூடினேன். இரண்டாம் தடவை தெரிந்திருந்தால் சின்னதாக வெட்டி எடுத்து, தையல் போட்டு, ஒரு வாரத்தில் தபால் கொடுக்கப் போயிருப்பார் என்று பெரிய டாக்டர் உங்களுக்கு எழுதியிருப்பதைப் படித்தேன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு அக்கா மேல் கோபமோ விரோதமோ கிடையாது. என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்கள் அந்த மையத்தில் வேறு யாரும் இல்லை.

ஒரு விஷயம். கேமராவை மூடி போடாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறீர்கள். நேற்றே கவனித்தேன். உள்ளே தூசி போகும்.

கடைசியாக நீங்கள் கேட்டது பாக்கி இருக்கிறது. துடைப்பம் ஓடிய பதினோரு மாதத்தில் முன்னூறு முதுகாவது வந்திருக்கும். அவற்றில் வேறு யாருக்கு, வலது இடுப்புக்கு நான்கு விரல் மேலே, என்ன இருந்தது என்று கேட்டீர்கள். தெரியாது. இந்தத் தடவை தெரியாது என்று எழுதியதை அடிக்க வேண்டாம், உண்மையாகவே தெரியாது. மூலப் படங்களில் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். மூலப் படங்கள் இல்லை. தினமும் மாலை துடைப்பத்தை ஓட்டியதும் அவற்றை அழித்துவிடுவேன். அழுக்கைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.